சேலைக்கு வாங்கிய ஏசி

ஐப்பசி பிறந்துவிட்டால் எனக்குக் கை பரபரக்கும். பணி ஓய்வு பெற்ற பிறகும் அது நிற்கவில்லை. மழை தூற ஆரம்பித்ததும் காது தானாகப் பக்கத்து வீட்டுச் சுவர்ப் பக்கம் போகும். அங்கே ஏசியின் டிரெயின் பைப்பிலிருந்து தண்ணீர் சீராக விழுகிறதா, விட்டுவிட்டு விழுகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பேன். சீராக விழுந்தால் மனசு ஆறும். விட்டுவிட்டு விழுந்தால், கேட்காமலே போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டிவிடுவேனோ என்று என் மனைவிக்குப் பயம்.

சேலம், நாமக்கல் பக்கத்தில் ஏசி மெக்கானிக்கை எல்லோரும் சித்திரையில்தான் நினைப்பார்கள். எங்களுக்குப் பரீட்சை மழைக்காலத்தில். வெயில் நாளில் இந்த ஊர்க் காற்று காய்ந்த காற்று. இயந்திரம் அறையின் சூட்டை அள்ளி வெளியே கொட்டினால் போதும். புரட்டாசி முடிந்து காற்றில் ஈரம் ஏறிவிட்டால் வேலை இரண்டாகிவிடும். சூட்டையும் தள்ள வேண்டும், காற்றில் இருக்கும் தண்ணீரையும் பிழிந்தெடுக்க வேண்டும். பிழிந்த தண்ணீர் வெளியே போக ஒரு வழி வேண்டும். என் வேலைக் காலத்தின் மிகப் பெரிய பரபரப்பு, விரல் தடிமனுள்ள அந்தப் பைப்புக்குள்தான் நடந்தது.

அதை இப்போது எழுதத் தூண்டியது ஒரு படம். என்னோடு வேலை பார்த்தவர்கள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் புது மாடல் ஏசி ஒன்றின் படத்தைப் போட்டிருந்தார்கள். உள்ளே தண்ணீர் சேரும் தட்டில் ஒரு மிதவை; தண்ணீர் அளவுக்கு மேல் ஏறினால் அது மேலெழும்பி, இயந்திரம் தானே நின்றுகொண்டு, வீட்டுக்காரரின் போனுக்குச் செய்தி அனுப்பிவிடுமாம். படத்தை நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தச் சின்ன மிதவையைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறாமை தாங்கவில்லை. "அண்ணா, இது அன்னைக்கே இருந்திருந்தா இளம்பிள்ளை கேஸ் என்ன ஆயிருக்கும்?" என்று குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். இளம்பிள்ளை சேலம் பக்கத்து நெசவாளர் ஊர். நல்ல கேள்வி. பதில் நீளமானது.

நாள், கிழமை, மாதம் வைத்துப் பேசுவது என் வழக்கம். வீட்டில் இதற்காகவே என்னைக் கேலி செய்வார்கள். ஆகவே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

சேலத்தில் ஐடிஐ படித்தேன். முதலில் ஃபிரிட்ஜ் வேலை. நாமக்கல் கோழிப்பண்ணைகளில் தடுப்பு மருந்து வைக்கும் பெட்டிகள், கல்யாண மண்டபங்களின் ஐஸ் பெட்டிகள், பிறகு இரண்டு பேர் மூச்சைப் பிடித்துத் தூக்கும் ஜன்னல் ஏசிகள். சுவரில் உயரத்தில் மாட்டும் ஸ்பிளிட் ஏசி எங்கள் பக்கம் பரவலாக வந்தபோது நான் சேலத்தில் ஒரு சர்வீஸ் சென்டரில் சேர்ந்துவிட்டேன். அங்கே மூத்த மெக்கானிக்காக இருந்த ஆரோக்கியசாமி சாரிடம் வந்து சேர்ந்தேன்.

அவர் சேலம் டவுன்காரர். ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடியாமல் அவர் போன் பேசமாட்டார். தவக்காலம் முழுக்க டீயை விட்டுவிடுவார். அவர் விட்டால் எங்களுக்கும் டீக்கடையில் வண்டி நிற்காது. அவர் நோன்பில் பாதியை நாங்களும் இருந்தோம் என்று சொல்லலாம். வெள்ளைச் சட்டை, மடித்த கைக்குட்டை, மெல்லிய குரல். ஒரு வீட்டுக்குள் போனால் செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் உட்கார்ந்துவிடுவார். கருவிப் பையைத் திறக்கக்கூடாது. "வீட்டுல ஏசி கிட்ட அதிக நேரம் இருக்கறது யாரு, அவங்கள கூப்பிடுங்க," என்பார். எல்லா மெக்கானிக்கும் எப்போது கெட்டது என்றுதான் கேட்பான். அவர் கேட்பது வேறு: "கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு?"

அடுத்தது டம்ளர். ஃபிரிட்ஜ் தண்ணீர் இரண்டு எவர்சில்வர் டம்ளரில் கேட்பார். ஒன்று கூடத்தில், ஒன்று ஏசி அறையில், இரண்டும் ஸ்டூல் மேல். ஏசியை ஓடவிட்டு, கதவைச் சாத்திக் காத்திருப்பார். கூடத்து டம்ளர் வியர்த்து வழிந்து ஸ்டூலில் வட்டம் போடும். அறையில் இருக்கும் டம்ளர் லேசாக மங்கியதோடு நின்று, அடியில் வட்டம் விழவில்லை என்றால், இயந்திரம் ஈரத்தை ஒழுங்காகப் பிழிகிறது என்று அர்த்தம். இரண்டும் ஒன்று போல வட்டம் போட்டால் எங்கோ ஈரம் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. பாத்ரூம் கதவு திறந்திருக்கும், அல்லது அறைக்குள் துணி காய்ந்துகொண்டிருக்கும். ஈரத்தை அளக்கும் கருவி அவர் பையிலேயே இருந்தது. ஆனால் கருவியின் முள்ளைக் காட்டினால் வீட்டுக்காரர்கள் நம்மை நம்புவார்கள், டம்ளரைக் காட்டினால் தங்களையே நம்புவார்கள் என்பது அவர் எண்ணம்.

இந்த டம்ளர் ஒருமுறை நாமக்கல்லில் எங்களைச் சிரிக்கவைத்தது. ஆவணி மாதம், லாரி முதலாளி ஒருவரின் வீடு. புது ஏசி, ஆனால் உடம்பெல்லாம் பிசுபிசுக்கிறது என்று புகார். ரிமோட்டில் பதினாறு வைத்திருந்தார். ஏசி அறையில் இருந்த டம்ளர் கூடத்து டம்ளரை விட அதிகமாக வியர்த்தது. சார் எழுந்து கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். ஏர்கூலர் ஒன்று, தொட்டி நிறையத் தண்ணீரோடு, முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஊரில் பல காலம் கோடையைத் தாண்டவைத்தது ஏர்கூலர்தான், அதை நிறுத்த அவருக்கு மனசு வரவில்லை.

"ரெண்டு இஞ்சின் போட்டா வண்டி வேகமாத்தானுங்க போகோணும்?" என்றார் முதலாளி.

"ரெண்டும் ஒரே பக்கம் இழுத்தா போகுமுங்க," என்றார் சார். "இங்க ஒண்ணு தண்ணிய ஊத்துது, இன்னொண்ணு அதையே துடைக்குது."

கூலரை நிறுத்தி, ரிமோட்டை இருபத்தைந்துக்கு ஏற்றி, சீலிங் ஃபேனை மெதுவாக ஓடவிட்டோம். சற்று நேரத்தில் முதலாளி போர்வை தேடினார். பிழிவது என்றால் என்ன என்பது எனக்கு அன்றுதான் உடம்பில் ஏறியது. குளிர் வேறு, காய்ச்சல் வேறு. காய்ச்சல் என்று நான் சொல்வது காற்று காய்வதை.

அன்று முதல் ஈரம் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அப்படிப் படித்ததில் என்னைத் துள்ளவைத்தது ஒரு செய்தி. இன்றைய ஏசிக்கு மூதாதையான இயந்திரத்தை அமெரிக்காவில் ஓர் இளம் பொறியாளர் வடிவமைத்தது மனிதர்களுக்காக அல்லவாம். ஓர் அச்சகத்தில் ஈரக் காற்றால் காகிதம் விரிந்து சுருங்கி, ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் சரியாக உட்காரவில்லை. அந்தக் காகிதத்துக்காகச் செய்தது. மனிதர்கள் பிறகுதான் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். இதை நான் சாரிடம் சொன்னபோது அவர், "நம்ம ஊருல யாராவது அப்படி வாங்குவாங்களா?" என்றார்.

வாங்கினார்கள். இளம்பிள்ளையில்.

மின்வெட்டுக் காலம் ஓய்ந்து, வீட்டுக்கு வீடு ஏசி ஏற ஆரம்பித்த ஆண்டுகள் அவை. பழனிவேல், சரசு என்ற கணவன் மனைவி. இருவரும் நெசவு. சேலத்துப் பட்டுக்கடை ஒன்று பாவு நூலும் ஜரிகையும் கொடுக்கும். இவர்கள் கல்யாணச் சேலைகளாக நெய்து கொடுப்பார்கள். ஆடியில் தறியில் ஏற்றிய சேலைகள் கார்த்திகை முகூர்த்தத்துக்குக் கடைக்குப் போக வேண்டும். அதுவரை வீட்டிலேயே ஒரு சின்ன அறையில் மரப்பலகைத் தட்டுகளில் அடுக்கியிருக்கும். ஐப்பசி ஈரத்தில் ஜரிகை கறுத்துப் போவதும், பட்டில் பூஞ்சை வாடை ஏறுவதும் அவர்களுக்கு வருஷா வருஷம் தலைவலி. பழனிவேல் பங்குனியில் ஓர் ஏசி வாங்கி அந்தச் சேலை அறையில் மாட்டினார். குடும்பம் கூடத்தில் ஃபேனுக்கு அடியில் படுத்தது.

"மனுசனுக்கு ஃபேன் போதுமுங்க. பட்டுக்குத்தான் ஏசி," என்று அவர் என்னிடம் சொன்னபோது எனக்கு அச்சகத்துக் காகிதம் ஞாபகம் வந்து புல்லரித்தது. மாட்டியவன் நான்தான். மழைக்காலத்தில் ரிமோட்டில், ஈரத்தைப் பிழிவதையே முதல் வேலையாகச் செய்யும் டிரை மோடு வைக்கச் சொன்னேன். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவச் சொன்னேன், அங்கே நூல் தூசி அதிகம். நிறுத்துவதற்கு முன் சற்று நேரம் ஃபேன் மோடில் ஓடவிட்டால் உள்ளே இருக்கும் குளிர்க்குழாய்ச் சுருள், அதாவது ‘காயில்’, காய்ந்துவிடும், வாடை வராது என்றேன். சரசு எல்லாவற்றையும் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

சித்திரை முதல் புரட்டாசி வரை ஒரு புகாரும் இல்லை. தீபாவளி முடிந்த வாரத்தில் போன் வந்தது. ஏசியின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. ஒரு சேலையில் விழுந்து, முந்தானை ஜரிகையில் கறுப்பாக ஒரு கோடு இறங்கிவிட்டது.

புறப்படும் முன் போன் செய்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது எங்கள் சென்டரின் விதி. செய்தேன், போனேன். சொட்டவில்லை. முன்மூடியைக் கழற்றி, காயிலைக் கழுவி, தட்டைத் துடைத்து, ஒரு சொம்புத் தண்ணீரைத் தட்டில் ஊற்றினேன். வீட்டுக்குப் பின்னால், பொடக்காளி என்று நாங்கள் சொல்லும் கொல்லையில் தொங்கும் பைப் வழியாக ஒழுங்காக வெளியே வந்தது. இயந்திரத்தின் சாய்வை ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். சரி. திரும்பிவிட்டேன்.

மறுநாளே போன். சொட்டுகிறது. போனேன். சொட்டவில்லை. கேஸ் அழுத்தம் பார்த்தேன், பைப்பை ஊதிப் பார்த்தேன், எல்லாம் சரி. அன்று மாலை பழனிவேல் போனில் பேசிய குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

"ஏசிய போட்டா தண்ணி சொட்டுது. நிறுத்துனா ஜரிகை கறுக்குது. நான் எதைத்தானுங்க செய்யறது? இந்தச் சேலையெல்லாம் கடைக்காரர் திருப்பி அனுப்பிட்டார்னா, தை மாசத்துக்கு எனக்குப் பாவு தரமாட்டாருங்க. தறி நின்னு போயிரும்."

சேலைகளை வேறு அறைக்கு மாற்றச் சொல்லிப் பார்த்தேன். வேறு அறை இல்லை. கூடத்தில் மழை வாடை. ஏசிக்கு நேர் அடியிலிருந்து நகர்த்திப் பார்த்தார்கள். அறை சின்னது, காற்றோடு துளி தெறித்து எதிர்ப்பலகை வரை வந்தது. பிளாஸ்டிக்கில் பொதிந்தால் உள்ளே ஈரம் பூட்டிக்கொள்ளும். அந்த இருவருக்கும் எல்லாப் பக்கமும் அடைத்துக் கிடந்தது.

அடுத்த நாள் நான் சாரிடம் போனேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் தன் கேள்வியைக் கேட்டார்: "எப்ப நல்லா இருந்துச்சு?"

"வெயில் காலம் பூரா சார். அப்புறம், நான் போற நேரமெல்லாம்."

அவர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். "நாளைக்கு நானும் வர்றேன்," என்றார்.

மறுநாள் வியாழக்கிழமை, விடிந்ததிலிருந்து தூறல். போன் செய்தோம், போனோம். வாசல் கூட்டிக் கோலம் போட்டிருந்தது. பொடக்காளியும் துடைத்துவிட்டது போல் இருந்தது. சார் சேலை அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ஒரு டம்ளர் அங்கே, ஒரு டம்ளர் கூடத்தில். சுண்ணாம்புக் கட்டியால் துளி விழும் இடங்களைப் பழனிவேலைக் காட்டச் சொல்லித் தரையில் சின்னச் சின்ன வட்டம் போட்டார். நான் ஏணி வைத்து வெளிச்சுவரில் இருக்கும் அவுட்டோரைப் பார்த்தேன். பைப்பிலிருந்து தண்ணீர் நூல் பிடித்தது போல் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அழகாகக்கூட இருந்தது.

உள்ளே வந்தால் சார் அப்படியே உட்கார்ந்திருந்தார். தரையில் வட்டங்கள் காய்ந்து கிடந்தன. அறை டம்ளர் லேசாக மங்கியிருந்தது, அவ்வளவுதான்.

"நேத்து இந்நேரம் மூணு பக்கமும் சொட்டுச்சுங்க சார்," என்றார் பழனிவேல். பொய் சொல்கிறோம் என்று நினைத்துவிடுவாரோ என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. "எம் பொண்டாட்டிய வேணா கேளுங்க."

"நான் நம்பறேனுங்க," என்றார் சார்.

இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. வெளியே மழை வலுத்தது. சரசு உள்ளே வந்து, வாசலில் தறியில் உட்காரலாமா, சத்தம் தொந்தரவா என்று கேட்டுவிட்டுப் போனார். வெகுநேரம் கழித்து சார் எழுந்தார். விடைபெறும் குரலில், எங்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை, சொட்ட ஆரம்பித்தால் போன் செய்யுங்கள் என்றார். பழனிவேல் முகம் விழுந்துவிட்டது. எனக்கும்தான். வண்டியைத் திருப்பி மெயின் ரோடு வந்ததும் சார் ஒரு மெஸ் வாசலில் நிறுத்தச் சொன்னார்.

"சேலம் போகலையா சார்?"

"செல்வராசு, மெஷின் அதேதான். மழை அதேதான். ரூம் அதேதான். நேத்துக்கும் இன்னைக்கும் என்ன மாறுச்சு?"

நான் யோசித்தேன். "ஒண்ணும் மாறல சார்."

"நாம வந்தோம். அதுதான் மாறுச்சு."

இலை போட்டுச் சாப்பாடு வந்தது. நாங்கள் வந்தால் ஏன் சொட்டாது? எங்கள் வண்டிச் சத்தத்துக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம்? ரசம் ஊற்றும் நேரத்தில் என் போன் அடித்தது. பழனிவேல்.

கை போனுக்குப் போனது. சார் அதன் மேல் தன் கையை வைத்தார். "எடுக்காத. எடுத்தா வர்றோம்னு சொல்லணும். சொன்னா அவங்க தயாராயிருவாங்க." போன் மேஜை மேல் நடுங்கிக்கொண்டு கிடந்தது. பக்கத்து இலைக்காரர், கடன்காரனா என்பது போல் எங்களைப் பார்த்தார். அடித்து ஓய்ந்ததும் சார் எழுந்தார். "நான் முன்வாசல். நீ பின்சந்து. ஓடு."

ஓடினேன். இலையை மூடிவிட்டு ஓடியது என் வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். மழையில் பின்சந்து சேறாக இருந்தது. தகரப் படலைத் தள்ளிக்கொண்டு பொடக்காளிக்குள் நுழைந்தேன்.

காலையில் ஏணி வைத்த இடத்தில் நீல நிற பிளாஸ்டிக் டிரம் ஒன்று நின்றிருந்தது. வாய்க்கு வெள்ளைத் துணி கட்டியிருந்தது. துணியில் ஒரு துளை. அந்தத் துளை வழியாக ஏசியின் டிரெயின் பைப் உள்ளே இறங்கியிருந்தது.

துணியை விலக்கிப் பார்த்தேன். டிரம்மில் முக்காலுக்கு மேல் தண்ணீர். பைப்பின் வாய் ஒரு முழ ஆழத்தில் மூழ்கிக் கிடந்தது. சுவரில் அது இறங்கி வரும் வழியில் ஒரு தொய்வு. எனக்குப் பார்த்த மாத்திரத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. பைப்பின் தொய்வில் தண்ணீர், வாயில் தண்ணீர், நடுவில் சிக்கிக்கொண்ட காற்று. அந்தக் காற்றுக்கு வெளியே போக வழி இல்லை. மேலிருந்து வரும் தண்ணீருக்கு அதைத் தள்ளும் பலம் இல்லை. தட்டு நிரம்பி, வீட்டுக்குள் வழிகிறது.

"சார், உள்ள சொட்டுதா?" என்று கத்தினேன்.

"சொட்டுது," என்று அறைக்குள்ளிருந்து சாரின் குரல் வந்தது.

பைப்பை டிரம்மிலிருந்து தூக்கினேன். குபுக்கென்று ஒரு ஏப்பம். அடுத்து தண்ணீர் என் சட்டையெல்லாம் நனையக் கொட்டியது.

"நின்னு போச்சுங்க!" பழனிவேல் உள்ளிருந்து அலறினார்.

திரும்ப மூழ்கடித்தேன். காத்திருந்தோம். சொட்டியது. தூக்கினேன். நின்றது. இன்னொரு தடவை மூழ்கடித்தேன். எனக்கு நிறுத்த மனசில்லை. சத்தம் கேட்டு அடுக்களைப் பக்கமிருந்து சரசு வந்து நின்றார்.

"ஏனுங்ணா, மழையில நின்னு வெளையாடறீங்களா?" என்றார்.

அதன் பிறகுதான் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். அந்த வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் பல நாளைக்கு ஒருமுறைதான். போர்த் தண்ணீர் ஒரே உப்பு. சேலைக் கரைக்கு வேண்டிய கொஞ்சம் பட்டு நூல் கழிகளுக்குச் சரசு வீட்டிலேயே சாயம் போடுவார். உப்புத் தண்ணீரில் சாயம் மங்கி, திட்டுத் திட்டாகப் பிடிக்கும். ஏசியிலிருந்து வருவது உப்பில்லாத தண்ணீர் என்பதை அவர் சித்திரையிலேயே சோப்பு நுரையை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். அன்றிலிருந்து ஒரு சொட்டு வீணாக விட்டதில்லை. தெறித்து வீணாகாமல் பைப்பை ஆழமாக இறக்கி, தூசி விழாமல் துணி கட்டினார். வெயில் காலத்தில் வருவது கொஞ்சம். சாயத்துக்கு உடனே எடுத்துவிடுவார், பைப்பின் வாய் வரை மட்டம் ஏறாது. ஐப்பசி மழையில் கழி காயாது, ஆகவே சாயம் போடுவதில்லை. டிரை மோடில் இயந்திரமோ நாள் முழுக்கப் பிழிந்து தள்ளியது. டிரம் நிறைந்தது, பைப் மூழ்கியது.

நாங்கள் போன் செய்துவிட்டு வந்த நாளெல்லாம், ஏணி வைக்க இடம் வேண்டுமே என்று டிரம்மைச் சாய்த்து உருட்டி விறகு மறைப்புக்குப் பின்னால் வைத்து, பைப்பை எடுத்துத் தொங்கவிட்டு, பொடக்காளியைக் கழுவிக் கூட்டியிருந்தார். நாங்கள் போனதும் அதை இழுத்துப் பழைய இடத்தில் வைத்துவிடுவார்.

"ஆளு வராங்கன்னா பாத்திரத்தையெல்லாம் அப்படியே போட்டு வெப்பாங்களா?" என்றார். அதற்குள் அவருக்கும் புரிந்துவிட்டது. முகம் மாறியது. "அப்ப என்னாலயா? அந்தச் சேலை என்னாலதான் போச்சா?"

பழனிவேல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சார் முந்திக்கொண்டார்.

"தண்ணி குடுக்குற மெஷின வித்தது நாங்க. தண்ணிய எப்படிப் பிடிக்கறதுன்னு நாங்க சொல்லலம்மா. அந்தச் சாயக் கழிய கொஞ்சம் காட்டுங்க."

சரசு இரண்டு கழிகளைக் கொண்டுவந்தார். ஒன்று போர்த் தண்ணீரில் போட்டது, ஒன்று ஏசித் தண்ணீரில். இரண்டும் ஒரே சாயம், ஒரே நாள். முதலாவது பழைய செங்கல் மாதிரி இருந்தது. இரண்டாவது, அரளிப்பூவைக் கையில் வைத்த மாதிரி. அந்த மழை வெளிச்சத்திலும் கண்ணைப் பறித்தது. சார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காகிதத்துக்குச் செய்த இயந்திரம், சேலைக்கு வந்து, சேலைக்கு நிறமும் கொடுத்துக்கொண்டிருந்தது. நான் சட்டை சொட்டச் சொட்ட நின்று சிரித்துக்கொண்டிருந்தேனாம். பழனிவேல் பிறகு சொல்லிக் காட்டுவார்.

டிரம்மை எடுத்துவிடுங்கள் என்று சொல்வது எளிது. சார் அதைச் சொல்லவில்லை. பைப்பின் தொய்வை நிமிர்த்தி, சுவரில் கிளிப் அடித்தோம். பைப்பின் வாயை டிரம் விளிம்புக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, ஜன்னல் கம்பியோடு கட்ட வேண்டும். கட்டுக்கயிறு வண்டியில் இருந்தது. நான் எடுத்துவரக் கிளம்புவதற்குள் சரசு அறுந்த பாவு நூலை முறுக்கிக் கொடுத்துவிட்டார். பட்டு நூலால் டிரெயின் பைப் கட்டியது எங்கள் சென்டரில் நாங்கள் மட்டும்தான். பைப் வாய்க்கு நாலு விரல் கீழே, டிரம்மின் பக்கவாட்டில் ஆணியைக் காய்ச்சி நான் ஒரு ஓட்டை போட்டேன். இனி எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் அந்த ஓட்டையைத் தாண்டி ஏறாது, வெளியே வழிந்துவிடும். பைப்பின் வாய் எப்போதும் காற்றில் இருக்கும்.

"தூசி விழுமே," என்றார் சரசு.

"துணியக் கட்டிக்குங்க. துணி மூச்சு விடும்," என்றார் சார்.

அன்று அறையில் வைத்த டம்ளரைக் கிளம்பும்போது சார் தூக்கிக் காட்டினார். அடியில் வட்டம் இல்லை. தரையில் அவர் போட்ட சுண்ணாம்பு வட்டங்களுக்குள்ளும் ஒரு துளி இல்லை. கார்த்திகை முதல் முகூர்த்தத்துக்கு முன் சேலைகள் கடைக்குப் போயின. கோடு விழுந்த ஒன்றைத் தவிர எதுவும் திரும்பவில்லை. தை மாதப் பாவு வந்து சேர்ந்தது என்று பழனிவேல் போனில் சொன்னபோது, நான் வாழப்பாடியில் ஒரு மொட்டைமாடியில் அவுட்டோரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு உடனே சாருக்குப் போன் செய்தேன். அது தவக்காலம் இல்லை. சாயந்திரம் எங்கள் எல்லோருக்கும் அவர் கணக்கில் டீ.

சென்டரின் விதி மாறவில்லை. போன் செய்துவிட்டுத்தான் போக வேண்டும். நாங்கள் ஒன்றே ஒன்றைக் கூட்டிக்கொண்டோம். போனில், "ஒண்ணையும் எடுத்து வெக்காதீங்க, கூட்டாதீங்க, எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும்" என்று சொல்வோம். வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் பொடக்காளிக்குப் போவோம். அதனால் எத்தனையோ வீடுகளில் பைப்பின் வாயில் செருகிய துணி, பைப்பை மிதித்து நின்ற சைக்கிள், ஒருமுறை பைப் வாயில் கூடு கட்டிய குளவி என்று நேராகவே கண்டுபிடித்தோம்.

குழுவில் கேட்டவருக்கு என் பதில்: அந்த மிதவை அன்று இருந்திருந்தால், இயந்திரம் தானே நின்றிருக்கும். முந்தானையில் கோடு விழுந்திருக்காது. அதற்காகவே அதைச் செய்தவர்களைக் கும்பிடுகிறேன். ஆனால் இயந்திரம் நின்றுபோனதால் அறையில் ஈரம் ஏறியிருக்கும், நாங்கள் போய்ப் பார்க்கும்போதோ அது மறுபடி ஓடியிருக்கும். போன், தட்டு நிறைந்தது என்று மட்டும்தான் சொல்லும். டிரம் இருக்கிறது என்று சொல்லாது. பின்சந்து வழியாக ஒரு ஆள் ஓடித்தான் ஆக வேண்டும்.

போன ஐப்பசியில் நான் இளம்பிள்ளை போனேன். என் மகள் கல்யாணத்துக்குச் சேலை சொல்லியிருந்தேன், அரளிப்பூ நிறக் கரை வைத்து. வருகிறேன் என்று முதல்நாளே போன் செய்தேன், மெக்கானிக்காக அல்ல, விருந்தாளியாக. பழனிவேல் வாசலில் நின்றிருந்தார். பழைய ஏசி போய்ப் புது இன்வெர்ட்டர் ஏசி வந்திருந்தது. சரசு சேலையைப் பிரித்துப் போட்டார். கரையின் நிறத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். அந்தக் கோடு விழுந்த சேலை என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அது என்றதுதானுங்ணா," என்றார் சரசு. "விக்க முடியாதுன்னு நானே கட்டிக்கிட்டேன். எங்க சாதிசனத்துக் கல்யாணத்துக்கெல்லாம் அதுதான். எத்தன பட்டு நெய்ஞ்சேன், கட்டுனது அந்த ஒண்ணுதான். மடிப்புல விட்டா கோடு தெரியாதுங்க."

நான் எழுந்து, பழக்கதோஷத்தில் பொடக்காளிக்குப் போனேன். சிமெண்டுத் தரை கழுவிப் பளபளவென்று இருந்தது. டிரம்மைக் காணோம். பைப் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது, கீழே தண்ணீர் வீணாக ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். சரசு பின்னால் வந்து நின்று சிரித்தார்.

"போன் பண்ணிட்டுத்தானே வந்தீங்க," என்றார்.

விறகு மறைப்புக்குப் பின்னாலிருந்து டிரம்மை நானே உருட்டிவந்தேன். நான் காய்ச்சிப் போட்ட ஓட்டை அப்படியே இருந்தது. பைப்பை உள்ளே விட்டு, ஜன்னல் கம்பியில் தொங்கிய பட்டு நூலால் இறுகக் கட்டினேன். துணியை மேலே போர்த்தினேன். தண்ணீர் உள்ளே சீராக விழும் சத்தம் கேட்டது.